திரையில் ஆடும் சீனக் குரங்கரசன்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்து மாணவர் சிலர் ‘பிளாக் மித்: வூகொங்’ என்னும் விளையாட்டின் காட்சிகளைக் கைத்தொலைபேசியிற் கண்டு, அதில் வரும் குரங்கு வீரனை அநுமன் என்றே கொள்கின்றனர். அவன் அநுமன் அல்லன்.

சீனாவின் கேம் சயன்ஸ் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 20இல் வெளியிட்ட இவ்விளையாட்டு, மூன்றே நாளில் ஒரு கோடி படிகள் விற்பனையாயிற்று. இதற்கு மூலம் ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்னும் பழைய நாவல். நூறு அதிகாரங்கள் கொண்ட அதனை வூ செங்கென் இயற்றினார் என்பர், 1592இல் அச்சேறியது. மறைநூல் நாடிப் பாரதம் செல்லும் துறவி ஒருவருக்குச் சுன் வூகொங் என்னும் குரங்கரசன் காவலாவதே கதை. அநுமனின் சாயல் இவனிடம் உண்டோ என்பது அறிஞரிடையே நெடுநாள் வழக்கு.

விளையாட்டோ நாவல் முடிந்த பின்னரே தொடங்குகின்றது. ஆடுபவர் வேறொரு குரங்காகி, வூகொங்கின் ஆறு எச்சங்களைத் தேடிக் கோல்கொண்டும் உருமாறியும் பூதங்களோடு பொருதல் வேண்டும். ஷன்சி மாகாணத்துப் பழங்கோயில்களை நுட்பமாய் அளவெடுத்துத் திரையில் அமைத்தமை மிக நன்று. ஆயினும் போர் முன்னிற்கத் துறவி பின்னே மறைந்துவிட்டார்.

எமக்கு நெருங்கியவரோ அத்துறவியே. கதைக்கு வித்தான யாத்திரிகர் யுவான் சுவாங், ஏழாம் நூற்றாண்டிற் காஞ்சிபுரம் வரை வந்தார். இலங்கைக்கும் வர எண்ணினார். மன்னன் இறந்தான், நாட்டிற் பஞ்சம் என்று இங்கிருந்து சென்ற பிக்குகள் கூறவே, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். எனினும், தாம் காணாத இத்தீவின் பழம்பெயர் இரத்தினத் தீவு என எழுதிவைத்தார். இரத்தினபுரி மாணவரிடம் இதனைச் சொன்னால், விளையாட்டைச் சற்றே நிறுத்திவிட்டுக் கேட்பர்.