எலும்பு கூடிடுச்சு... ஆனா வேலைக்குப் போகலாமா? 'ஃபிட்னஸ்' வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

மாவுக்கட்டு பிரிச்சாச்சு. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கு. 'நாளையிலிருந்து டியூட்டிக்கு வந்துடுங்க' என்று கம்பெனியிலிருந்து போனும் வந்தாச்சு. ஆனா அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியலை. இந்த நிலையில் வேலைக்குப் போகலாமா? இதை எப்படி முடிவு செய்றாங்க? பார்க்கலாம்.

காயம் ஆறினா போதுமா?

போதாது. பல வாரம் அசையாமல் இருந்த கையில் மூட்டு இறுகியிருக்கும், தசை மெலிந்திருக்கும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். கையின் பலத்தைக் காட்டாது.

ஒரே மாதிரி மணிக்கட்டு முறிந்த இரண்டு பேரை எடுத்துக்குவோம். உட்கார்ந்து பில் போடுபவர் சீக்கிரமே வேலைக்குத் திரும்பிடலாம். குடோனில் 50 கிலோ மூட்டை தூக்குபவருக்கு இன்னும் பல வாரம் ஆகலாம். அதனால் 'ஃபிட்டா?' என்பது பாதிக் கேள்விதான். 'எந்த வேலைக்கு ஃபிட்?' என்பதே முழுக் கேள்வி.

என்னென்ன சோதிப்பாங்க?

இதற்கு 'வேலைத்திறன் மதிப்பீடு' என்று ஒரு முறை இருக்கு. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதைச் செய்வாங்க.

* தரையிலிருந்து இடுப்பு வரை, இடுப்பிலிருந்து தோள் வரை எவ்வளவு எடை தூக்க முடியுது?
* கைப்பிடியின் பலம் எத்தனை கிலோ? டைனமோமீட்டர் என்ற கருவியை அழுத்தச் சொல்லி, இரண்டு கையையும் ஒப்பிடுவாங்க.
* குனிவது, குந்துவது, படி ஏறுவது, தொடர்ந்து நிற்பது எப்படி இருக்கு?
* இதெல்லாம் செய்யும்போது இதயத் துடிப்பும் வலியும் எவ்வளவு கூடுது?

இதற்குச் சில மணி நேரம் ஆகும். மறுநாள் உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்க, இரண்டு நாளாகப் பிரித்தும் செய்வாங்க. ஒரே சோதனையைத் திரும்பச் செய்ய வைப்பதும் உண்டு. வலியை மறைக்கவும் வேண்டாம், கூட்டிச் சொல்லவும் வேண்டாம்.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

எல்லா இடத்திலும் இவ்வளவு விரிவான சோதனை நடக்கறதில்லை. பல பேருக்கு டாக்டரின் ஐந்து நிமிடப் பரிசோதனைதான். அதனால் உங்க வேலையை நீங்களே விளக்கணும். எத்தனை கிலோ தூக்கணும், எத்தனை மணி நேரம் நிற்கணும், ஏணி ஏறணுமா, எந்த மெஷின், நைட் ஷிஃப்ட் உண்டா... இதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்க.

'லைட் டியூட்டி' என்று மட்டும் எழுதினால் சூப்பர்வைசருக்கு ஒரு அர்த்தம், உங்களுக்கு ஒரு அர்த்தம். 'நான்கு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது' என்பது போலத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்க.

சம்பளம் போயிடுமேன்னு பயமா?

பல பேர் அவசரமாகத் திரும்புவதே இதனால்தான். வேலையின்போது காயம் பட்ட ஈ.எஸ்.ஐ தொழிலாளிக்கு, வேலை செய்ய முடியாத காலம் முழுக்கச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் விடுப்பு என்றால் 70 சதவீதம்தான். அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். அதனால் நடந்தது 'பணியிட விபத்து' என்று கம்பெனி பதிவு செய்ததா என்பதை உறுதி செய்யணும். டாக்டர் 'வேலைக்குத் தகுதி' என்று இறுதிச் சான்று எழுதியதும் இந்தப் பணம் நின்றுவிடும்.

குறை நிலைத்துவிட்டால்?

ஈ.எஸ்.ஐ மருத்துவக் குழு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று சதவீதத்தில் கணக்கிடும். உதாரணமாக, கட்டை விரலை முழுசா இழந்தால் 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம். அதற்கேற்ப வாழ்நாள் முழுக்கப் பணம் உண்டு. முடிவில் திருப்தி இல்லைன்னா மேல்முறையீடு செய்யலாம்.

அரசு ஊழியர் என்றால், பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டதற்காக வேலையை விட்டு எடுக்க முடியாது. அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தரணும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

எனவே வலி இருக்கு, பிடி நிற்கலைன்னா, அதை இறுதிச் சான்று எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிடுங்க. எழுதிய பிறகு சொன்னா அலைச்சல் உங்களுக்குத்தான்.