புறக்கடைக் கோழிக்கூடு: கட்டும் முன் ஒரு யோசனை

“வீட்டில் நாலு கோழி வளர்க்கலாமா, டாக்டர்?” எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவில் நோயாளிகளின் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நோயிலிருந்து தேறுபவருக்கு நாள்தோறும் ஒரு முட்டையாவது கிடைக்கவேண்டும் என்ற அக்கறையே இக்கேள்விக்குக் காரணம். வளர்க்கலாம் என்பதே பெரும்பாலோருக்கு நாங்கள் கூறும் விடை. ஆனால் கூட்டை எங்கே கட்டுவது, அதை யார் சுத்தம் செய்வது என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. வறட்டு இருமலும் மூச்சிரைப்புமாக வரும் சிலர், மருத்துவமனையில் தங்கும் நாட்களில் தேறுவார்கள். வீடு திரும்பிய சில நாட்களில் மீண்டும் அதே தொல்லையுடன் வருவார்கள். விசாரித்தால், படுக்கையறைச் சன்னலை ஒட்டியே கோழிக்கூடு இருப்பது தெரியவரும். பறவைகளின் இறகுத் தூசும் உலர்ந்த எச்சத் துகளும் சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். இதனை மிகையுணர்வு நுரையீரல் அழற்சி என்பர். நெடுநாள் கவனியாது விட்டால் நுரையீரல் தழும்பேறி, இழந்த மூச்சுத்திறன் திரும்பாமலே போகலாம். இந்நோய் உறுதியானவர் வீட்டில் கோழி வளர்ப்பதைத் தவிர்ப்பதே நலம். அவர்கள் வருந்தத் தேவையில்லை. கடை முட்டைக்கும் நாட்டுக்கோழி முட்டைக்கும் புரதச்சத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

மற்றவர்கள் சிறிய அளவில் தொடங்கலாம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் இடும். ஆறு பெட்டைகள் இருந்தால், சராசரியாக நாளொன்றுக்கு ஒரு முட்டை கிடைக்கும். நோயாளி ஒருவருக்கு அது போதும். அடை காக்கும் காலத்தில் முட்டை குறையும் என்பதையும் கணக்கில் கொள்க.

கூட்டின் அமைப்பைத் தென்காசி, குற்றாலம் பகுதியின் சாரலே தீர்மானிக்கவேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரத்தைச் சுமந்து வீசுகிறது. எனவே கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேற்குப் பக்கத்தை முழுவதும் அடைத்துவிட்டு, வடக்கு, தெற்குப் பக்கங்களில் காற்றோட்டத்திற்குக் கம்பிவலை அடிக்கவேண்டும். கோடை வெயிலும் இதனால் நேராக உள்ளே விழாது. கூரையின் விளிம்பு நன்கு வெளியே நீண்டிருந்தால் சாரல் தெறிக்காது. இரவில் மட்டும் அடையும் ஆறு பெட்டைகளுக்கும் ஒரு சேவலுக்கும் ஐந்தடி நீளம், மூன்றடி அகலம் போதுமானது. தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டினால் ஈரம் ஏறாது. வலையின் கண் சிறிதாக இருந்தால் கீரியும் மரநாயும் நுழையா.

வீட்டிற்குக் கிழக்கே, சுவரைவிட்டு இயன்றவரை விலகி, கிணற்றுக்கும் அடுப்படிக்கும் தள்ளிக் கூட்டை அமைப்பது நன்று. சாரல் மாதங்களின் மேற்குக் காற்று தூசியை வீட்டிற்குள் கொண்டுவராது. நனைந்த எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நெடி கோழிக்கும் ஆகாது, ஆஸ்துமா உள்ளவருக்கும் ஆகாது. ஆகவே தரையில் பரப்பும் நெல் உமி நனைந்தவுடன் அதை மாற்றவேண்டும்.

குஞ்சுகளைத் தை மாதத்தில் வாங்குவது உகந்தது. சாரல் தொடங்கும் முன் அவை இறகு முளைத்து வளர்ந்துவிடும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் கூட்டத்தையே அழிக்கவல்லது. இதற்கான முதல் தடுப்பு மருந்தைக் குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் சொட்டாக இடுவர். அடுத்த தவணைகளை அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டறிக. கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால் வெறுங்கையால் தொடாமல், சமைக்காமல், உடனே அங்கே தெரிவிக்கவேண்டும்.

கூட்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பு நோயாளிக்கு வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர் ஆகியோர் கூட்டிற்குள் செல்லலாகாது. சுத்தம் செய்பவர் முகக்கவசம் அணிந்து, தூசி பறக்காதபடி இலேசாக நீர் தெளித்தபின் வாருதல் வேண்டும்; முடித்ததும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் குஞ்சுகளைக் கொஞ்ச விரும்புவார்கள். அவர்களைத் தள்ளியே நிறுத்துங்கள்.

பச்சை முட்டை குடித்தால் உடம்பு தேறும் என்று பெரியவர்கள் அன்போடு சொல்வதுண்டு. சால்மோனெல்லா கிருமி முட்டையில் இருக்கக்கூடும். உடல் தளர்ந்தவருக்கு அது பேராபத்து. மேலும் முட்டையின் புரதம் வெந்தபின்தான் நன்கு செரிக்கிறது. வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைத்தே கொடுங்கள்.

அடுத்தமுறை இருமலுக்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும், வீட்டில் கோழியோ புறாவோ கிளியோ இருப்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். நோயின் காரணத்தை விரைவில் கண்டறிய அந்த ஒரு செய்தி எங்களுக்குப் பெரிதும் உதவும்.