ஜூனி மக்களின் மட்கலக் கலை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அதன் மேற்கெல்லையை ஒட்டி வாழும் தொல்குடியினர் ஜூனி மக்கள். மழை அருகிய அந்நிலத்தில் நீர் சேமிக்கும் கலம் உயிர் காக்கும் பொருளாயிற்று. அதனாலேயே தவளை, தலைப்பிரட்டை, தட்டான் முதலிய நீர்சார் உயிர்கள் அவர்தம் கலங்களில் ஓவியங்களாக இடம்பெறுகின்றன.

நிலத்தைத் தாயாகப் போற்றும் ஜூனி மக்கள், மக்காச்சோள மாவு படைத்து வணங்கியபின் களிமண் எடுப்பது மரபு. எடுத்த மண்ணுடன் பழைய கலங்களின் ஓடுகளைப் பொடித்துக் கலப்பர். உலரும்போதும் சுடும்போதும் கலம் வெடிக்காமல் இப்பொடி காக்கிறது. மரபு முறையில் திகிரிக்கு இடமில்லை. மண்ணைக் கயிறுபோல் திரித்து, சுற்றின்மேல் சுற்றாக அடுக்கிச் சுவர் எழுப்புவர். சுரைக்குடுக்கை ஓட்டால் வழித்து அதனை மெல்லியதாக்குவர். உலர்ந்தபின் வெண்களிக் குழம்பு பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். யுக்கா இலையின் நுனியை நாராக்கிச் செய்த தூரிகையால் கருமையும் செம்மையும் தீட்டுவர். மானின் வாயிலிருந்து நெஞ்சுவரை செல்லும் செங்கோடு இவ்வோவியங்களின் தனி அடையாளம். அஃது உயிர்மூச்சின் வழியைக் குறிக்கும். நிறைவாக, காய்ந்த ஆட்டெருவை மூட்டமாக அடுக்கித் திறந்தவெளியில் சுடுவர். காற்றின் போக்கு மாறினால் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் விரிசல் காணும்.

1880களில் இருப்புப்பாதை அப்பகுதியை எட்டியது. உலோகப் பாத்திரங்கள் எளிதில் கிடைத்தமையால் மட்கலத்தின் தேவை குறைந்தது. பின்னர் வெள்ளி அணிகலன் தொழில் கூடுதல் வருவாய் தந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்கலம் வனைவோர் மிகச் சிலரே எஞ்சினர்.

அக்கலையை மீட்டதில் பள்ளிக்குப் பெரும்பங்கு உண்டு. ஹோப்பி-தேவா இனத்தில் பிறந்த டெய்சி ஹூயி, ஆக்கோமாவில் பிறந்த ஜென்னி லாட்டே ஆகியோர் ஜூனி உயர்நிலைப் பள்ளியில் மாணவர்க்கு மட்கலக் கலையைக் கற்பித்தனர். அண்டை இனத்தவர் கைகளின் வழியே ஒரு கலை தன் வீட்டிற்குத் திரும்பியது. 1879 முதல் திரட்டப்பெற்ற ஜூனி கலங்கள் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளன. நஹோஹாய் குடும்பத்தினர் 1980களில் அங்குச் சென்று, முன்னோர் தீட்டிய வடிவங்களைக் கற்றுத் திரும்பினர்.

இன்று சிலர் மின்சூளையில் சுடுகின்றனர், உடைதல் குறைகிறது. சிலர் ஆட்டெருத் தீயையே நம்புகின்றனர். எது மரபு என்னும் வினா அவர்களிடையே எழுவது இயல்பே. பொடித்த பழைய ஓடு புதிய மண்ணுக்கு வலிமை தருவதை நாள்தோறும் கண்டறிந்தவர்கள் அவர்கள். பழமை புதுமையுள் கலந்து நிற்கும்வரை அவர்தம் கலை நிலைத்து வாழும்.