ஒரே உச்சி, வேறு வேறு அடிவாரம்

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர். மலையேறப் போகிறவருக்கு இந்த எண்ணால் பெரிய பயனில்லை. அது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். கடற்கரையிலிருந்து யாரும் ஏறத் தொடங்குவதில்லை. அட்டன், மஸ்கெலியா வழியாக வந்து நல்லதண்ணியில் இறங்கும்போதே சுமார் 1,200 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறோம். அதுவரை ஏறியது பஸ். கால்களுக்கு மிச்சமிருப்பது ஆயிரம் மீட்டர்தான். அதே உச்சிக்கு இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலவிலிருந்து போகிறவர் சுமார் 400 மீட்டரில் நடக்கத் தொடங்குகிறார். அவர் ஏற வேண்டியது 1,800 மீட்டருக்கும் மேல்.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? இலங்கையின் மத்திய மலைநாடு கடற்கரைச் சமவெளியிலிருந்து படிப்படியாக உயர்ந்து நிற்கிறது. சிவனொளிபாதம் அதன் தென்மேற்கு ஓரத்தில், திண்ணையின் விளிம்பில் கவிழ்த்து வைத்த செம்பைப் போல நிற்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குச் செம்பு கைக்கெட்டும் உயரம். தெருவில் நிற்பவர் முதலில் திண்ணை ஏற வேண்டும். அந்தப் படிகள் உருவான விதத்தில் நிலவியலாளர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. நிலம் பாளம் பாளமாக மேலே தள்ளப்பட்டது என்றார் டி. என். வாடியா. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் ஆறும் அரித்ததன் விளைவே என்பது மற்றொரு தரப்பு. மழையைக் குறைத்து மதிப்பிட முடியாதுதான். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதுவது இந்தச் சரிவில். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. களனி கங்கையும் களு கங்கையும் பிறப்பது இந்த மலைத்தொடரில். யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிவதும் இதனால்தான். அதற்குப் பிறகு மழையும் மூடுபனியும் அட்டையும்தான்.

நடக்க ஆகும் நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நல்லதண்ணி வழி ஏறத்தாழ 7 கிலோமீட்டர். கணக்குப்படி மூன்று மணி நேரம். பலாபத்தல வழி 10 கிலோமீட்டருக்கும் அதிகம். ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். போயா எனப்படும் பௌர்ணமி இரவில் படிக்கட்டில் முன்னால் நிற்கும் கூட்டமும், கடைக்குக் கடை குடிக்கும் பிளேன்டீயும் நைஸ்மித்தின் கணக்கில் வராது.

உடம்பு செலவழிக்கும் சக்தியையும் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவரை ஆயிரம் மீட்டர் உயர்த்த சுமார் 140 கிலோகலோரி போதும். ஆனால் தசைகள் எரிக்கும் சக்தியில் கால்பங்குதான் வேலையாகிறது. மற்றது வெப்பமாகிப் போகிறது. ஆகவே உண்மைச் செலவு 600 கிலோகலோரியை நெருங்கும். பலாபத்தலவிலிருந்து போனால் ஆயிரத்துக்கும் மேல். அந்த வெப்பத்தால்தான் நடுவழியில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். உச்சியில் போய் உட்கார்ந்ததும் வியர்வையில் நனைந்த சட்டை குளிரில் உறையவைக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை ஆறேழு டிகிரி குறையும். தாழ்ந்த பக்கத்திலிருந்து வந்தவருக்கு இந்த இறக்கம் ஏறக்குறைய இருமடங்கு. அவர் புழுக்கத்தில் புறப்பட்டதால் கம்பளி எடுத்துவர மறந்திருக்கவும் கூடும்.

1344இல் இங்கே வந்த பயணி இப்னு பதூதா இரண்டு பாதைகளைக் குறிப்பிடுகிறார்: தந்தை வழி, தாய் வழி. ஆதாமையும் ஏவாளையும் குறித்த பெயர்கள். தாய் வழி எளிது. இறங்குவதற்கு அது போதும். அதில் ஏறிப் போனவரை யாத்திரை செய்தவராகவே எண்ணுவதில்லையாம். கடினமான வழியில் பாறையோடு பிணைத்த பத்துச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவதுக்கு விசுவாசப் பிரமாணச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்த்தால் தலைசுற்றும். உடனே பிரமாணம் வாயில் வந்துவிடும். இன்றைக்கும் இரத்தினபுரிப் பக்கத்தின் கடைசிச் செங்குத்து ஏற்றமான மகாகிரிதம்பாவில் கைப்பிடி இல்லாமல் ஏறுவது சிரமம். நல்லதண்ணிப் பக்கத்துக்குக் கூட்டம் திரும்பியது பிற்காலத்தில்: தோட்டங்கள் வந்தன, தோட்டச் சாலைகள் வந்தன, 1880களில் அட்டனுக்கு ரயில் வந்தது. பக்தி மாறவில்லை, போக்குவரத்து மாறியது.

காலில் தெம்பிருந்தால் இப்னு பதூதா சொன்னபடி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதே சிறப்பு என்பேன். ஒரே நாளில் ஈரக்காடும் தேயிலைத் தோட்டமும் பார்க்கக் கிடைக்கும். ஆனால் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு அடிவாரங்களுக்கும் இடையே மலையைச் சுற்றிவர வாகனத்துக்குப் பல மணி நேரம் ஆகும். வேன் டிரைவரிடம் எந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும் என்பதை ஏறுவதற்கு முன்பே, சிக்னல் இருக்கும்போதே, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.