கூட்டம் வேண்டாம் என்று அந்தக் காலக் கிறிஸ்தவத் துறவிகள் ஓடினார்கள். கூட்டமும் கூடவே ஓடியது தெரியுமா?

ஒரு மனிதர் 36 ஆண்டுகள் தூண் உச்சியிலேயே வாழ்ந்தார், தெரியுமா? கொளுத்தும் வெயில், நடுக்கும் குளிர், எல்லாம் அங்கேயேதான்! சிரியாவில், அலெப்போ பக்கம், 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித சிமியோன்தான் அவர். ஏன் மேலே ஏறினார்? ஆசி வாங்க வந்தவர்கள் அவரைத் தொட்டுத் தொட்டு, உடுத்தியிருந்த தோலாடையையும் விடாமல் படாதபாடு படுத்தினார்கள். கீழே நிற்க முடியவில்லை, ஏறிவிட்டார்! முதல் தூண் 6 முழம். அதுவும் போதாமல் 12, 22 என்று கடைசியில் 36 முழம் வரை போனது.

கூட்டம் குறைந்ததா? ஸ்பெயினிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள்! அவரை நேரில் பார்த்து எழுதியவர் தியோடரெட் என்ற ஆயர். சிமியோன் குனிந்து நிமிர்ந்து வணங்குவதை ஆயரோடு வந்த ஒருவர் எண்ணத் தொடங்கினார். 1,244 வரை எண்ணி, எண்ணியவர்தான் களைத்து விட்டுவிட்டார்! 459-இல் சிமியோன் இறந்த பிறகு தூணைச் சுற்றி மாபெரும் கோயிலே எழும்பியது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே தூணின் மிச்சமாக ஒரு பாறாங்கல் அண்மைக்காலம் வரை நின்றது.

ஆனால் தூணைவிட என்னை அசத்துவது எகிப்துப் பாலைவனம். நம் ஊர்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று கும்பிடுகிறார்களே, அவர் இந்த எகிப்துக்காரர். (பதுவை அந்தோணியார் வேறு ஆள், இவருக்கு ஏறக்குறைய 900 ஆண்டு பிந்தியவர்.) அப்பா விட்டுப்போன நல்ல விளைநிலம் சுமார் 200 ஏக்கர்! அதை ஊராருக்கே கொடுத்துவிட்டுக் கிளம்பினார். முதலில் ஒரு கல்லறைக்குள் குடியிருந்தார். பிறகு பாழடைந்த கோட்டைக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு ஏறக்குறைய 20 ஆண்டுகள்! ஆண்டுக்கு இரண்டே தடவை கூரை வழியாக ரொட்டி இறக்குவார்கள். ஒருநாள் பொறுமை இழந்த ஜனங்கள் கதவைப் பெயர்த்தே விட்டார்கள். எலும்பும் தோலுமாக ஒருவர் தள்ளாடி வருவார் என்று நினைத்தால், ஆள் மெலியவும் இல்லை, பருக்கவும் இல்லை, தெளிந்த முகத்தோடு நடந்து வந்தார்! இதை எழுதியவர் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார். அந்தோணியார் வாழ்ந்தது 105 வயது வரை.

அவரைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் பாலைவனம் போனார்கள். சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைக்காதீர்கள்! ஓலையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூடையும் கயிறும் முடைவார்கள். கை முடைய, வாய் செபிக்கும். அர்சேனியுஸ் என்ற துறவியின் குடிசையில் அந்த ஊறல் தண்ணீர் நாறும். ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றுவார்! யார் இவர்? பேரரசர் தியோடோசியுஸின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். அரண்மனையில் அனுபவித்த வாசனைத் திரவியத்துக்கு இந்த நாற்றம் ஈடு என்றாராம். பவுல் என்ற இன்னொருவர் இருந்த இடத்திலிருந்து சந்தைக்கு ஏழு நாள் நடை. வண்டிக்கூலி கூடையின் விலையைத் தாண்டிவிடும். ஆனாலும் ஆண்டு முழுக்க முடைவார். குகை நிறைந்ததும் மொத்தத்தையும் கொளுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து!

மக்காரியுஸ் என்ற துறவி தன் குடிசைக்குத் திரும்பியபோது ஒருவன் அவருடைய சாமான்களைத் திருடி விலங்கின்மேல் ஏற்றிக்கொண்டிருந்தான். இவர் வழிப்போக்கரைப்போல நின்று, மூட்டை தூக்கிவிட்டு வழியனுப்பினார்! கூட்டத்தில் பெண்களும் உண்டு: சாரா அம்மா நைல் நதியோரமாகவே 60 ஆண்டுகள் வாழ்ந்து, ஒருமுறைகூட ஆற்றை எட்டிப் பார்க்கவில்லையாம்.

இவர்களுக்குச் சலிப்பே வராதா? ஏன் வராது! அந்தச் சலிப்புக்கு ‘நண்பகல் பேய்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 399-இல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி அதைப் படம்பிடித்ததுபோல் எழுதியிருக்கிறார்: பொழுது 50 மணி நேரமாக நீளும், துறவி சன்னல் பக்கமே பார்ப்பார், சாப்பாட்டு வேளை வந்துவிட்டதா என்று சூரியனை அளப்பார். மதிய வேளையில் அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்!

அந்தோணியார் மட்டும் கடைசி வரை உஷார். 356-இல் சாகும்போது, புதைத்த இடத்தை யாருக்கும் காட்டாதீர்கள் என்று உடனிருந்த இரண்டு சீடர்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். அவர்களும் காப்பாற்றினார்கள். ஆனால் இன்று பிரான்ஸில், செயிண்ட் அந்துவான் லபேயி என்ற ஊரின் பழைய மடத்துக் கோயிலில், இதோ இவைதான் அவருடைய எலும்புகள் என்று காட்டுகிறார்கள். அவற்றைப் பார்க்கவும் கூட்டம் போகிறது!