அன்று வாங்கிய கோப்பை இன்றைய கணக்கில் வராது

நம் வணிகர்களில் இளமையில் நல்ல விளையாட்டு வீரர்களாகத் திகழ்ந்தோர் பலர் உண்டு. கபடியில் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களும், மாவட்ட அளவில் கைப்பந்து ஆடியவர்களும், கல்லூரி நாட்களில் ஓட்டப்பந்தயத்தில் பதக்கம் பெற்றவர்களும் இன்று மளிகைக் கடையிலும் மண்டியிலும் கல்லாவில் அமர்ந்திருக்கிறார்கள்.

கடைப் பொறுப்பு தலையில் ஏறியதும் ஆட்டம் நின்றுவிடுகிறது. காலை 6 மணிக்குக் கடை திறந்தால் பூட்டுவதற்கு இரவு 10 மணி ஆகிறது. ஆட்டம் நின்றாலும் ஆட்டக்காரருக்கு உரிய சாப்பாடு மட்டும் நிற்பதில்லை. "நாம் விளையாடி வளர்ந்த உடம்பு, எதையும் தாங்கும்" என்ற நம்பிக்கையும் குறைவதில்லை. இந்த நம்பிக்கை சரிதானா? மருத்துவ அறிஞர்கள் இதைப் பல்லாயிரம் பேரிடம் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பேரேடு பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

உட்கார்ந்தவரும் ஏறி இறங்கியவரும்

முதலில் நம் தொழிலுக்கு நெருக்கமான ஒரு செய்தி. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே நேரம் வேலை செய்தார்கள். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டு கொடுக்க ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். டாக்டர் ஜெரமி மாரிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இவர்களை ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டனர். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தபோதும் உடனடியாக உயிரிழந்தவர்கள் ஓட்டுநர்களைவிடக் குறைவு. கடிதங்களைச் சுமந்து நடந்த தபால்காரர்களையும் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றிய அலுவலர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குதான் தெரிந்தது.

கல்லாவில் அமரும் நாம் இந்தக் கதையில் யார் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டை தூக்குபவரும் பொட்டலம் கட்டுபவரும் நடத்துநர், முதலாளி ஓட்டுநர்.

முன்னாள் வீரர்களின் கணக்கு

இனி விளையாட்டு வீரர்களின் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிய 16,936 ஆண்களின் விவரங்களை டாக்டர் ரால்ஃப் பாஃபன்பார்கர் திரட்டினார். மாணவராக இருந்தபோது பல்கலைக்கழக அணியில் ஆடினாரா, இப்போது வாரத்துக்கு எவ்வளவு நடக்கிறார், எத்தனை படி ஏறுகிறார், என்ன விளையாடுகிறார் என்று கேட்டு எழுதி வைத்தார். பிறகு ஆண்டுக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்து கவனித்து 1978-ல் முடிவை வெளியிட்டார். நடை, படியேற்றம், விளையாட்டு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 2,000 கலோரிக்கும் குறைவாகச் செலவிட்டவர்களுக்கு, அதற்கு மேல் செலவிட்டவர்களைவிட மாரடைப்பு அபாயம் 64 சதவீதம் கூடுதலாக இருந்தது.

நாம் மனதில் வைக்க வேண்டிய செய்தி அடுத்தது. இளமையில் அணியில் ஆடி, பின்னர் உட்கார்ந்துவிட்டவர்களுக்குப் பழைய ஆட்டம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. நடுவயதிலும் உடலை இயக்கி வந்த முன்னாள் வீரர்களுக்கே பலன் நீடித்தது. மாணவப் பருவத்தில் மைதானத்துப் பக்கமே போகாமல், பிற்காலத்தில் சுறுசுறுப்பாக மாறியவர்களுக்கும் அதே பலன் கிடைத்தது.

ஆகவே உடற்பயிற்சி நிரந்தர வைப்பு நிதி அன்று. அன்றாட வியாபாரம் போன்றது. இருபது வயதில் போட்ட முதலுக்கு ஐம்பது வயதில் வட்டி வராது. அதே சமயம், இன்று புதிதாகக் கடை திறப்பவருக்கும் இன்றே வரவு உண்டு.

இந்த முடிவைச் சொன்னவர்களே அதன்படி வாழ்ந்தும் காட்டினார்கள். நடுவயதில் ஓடத் தொடங்கிய பாஃபன்பார்கர் 150-க்கும் மேற்பட்ட நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொண்டு, 2007-ல் தம் 84-ஆவது வயதில் காலமானார். மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-ல் மறைந்தார். நம் நாட்டின் மில்கா சிங்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காவதாக வந்த புகழோடு ஓய்ந்துவிடவில்லை. முதுமையிலும் கோல்ஃப் ஆடி உடலைச் சோம்ப விடாமல் வைத்திருந்தார். 2021-ல் கொரோனாவால் பாதிக்கப்பட்டு, தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில் மறைந்தார்.

திடீர் ஆட்டம் வேண்டாம்

இதைப் படித்ததும் நாளைக் காலையே மைதானத்தில் இறங்கிவிடக் கூடாது. முன்னாள் வீரருக்கு மனம் இருபது வயதிலேயே நிற்கும்; இதயமும் மூட்டும் அப்படி நிற்பதில்லை. பொங்கல் விழாவில் "மூத்தோர் ஆட்டம்" என்று களம் இறங்கி, இளைஞனைப் பிடித்தே தீருவேன் என்று பாய்வதுதான் ஆபத்து. 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கடும் உழைப்புக்குப் பின் வரும் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் எவ்வளவு உயர்கிறது என்று கணக்கிட்டது. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ கடும் பயிற்சி செய்து பழகியவருக்கு அது 2.4 மடங்கு. பழக்கமே இல்லாதவருக்கு 107 மடங்கு!

எனவே நாற்பதைத் தாண்டியவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். சென்னை ஆய்வாளர்களின் தலைமையில் நடந்த நாடளாவிய ஆய்வின்படி (2023), இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி பேர். "எனக்கு இருக்காது" என்று நாமாகவே முடிவு செய்துகொள்வது சரியன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை ஆகியவை வந்தால் "வாய்வுப் பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டு மீண்டும் கல்லாவில் உட்காரக் கூடாது. கடையை அப்படியே விட்டுவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். விளையாட்டு வீரராக இருந்தவர்கள்தான் வலியைப் பொறுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

நாம் செய்யக் கூடியவை

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு தேவை. வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் கீழே விழாமல் இருக்க, உடல் சமநிலைக்கான பயிற்சியையும் வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. ஐந்து நிமிட நடையும் வரவில் சேரும். கடைக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

• நாளுக்கு 30 நிமிடம் வீதம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். காலையில் 15, கடை பூட்டியபின் 15 எனப் பிரித்துக்கொள்ளலாம்.

• சாப்பிட்ட கையோடு கல்லாவில் சாயாமல் சற்று நடந்தால், சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை குறையும்.

• அலமாரியிலிருந்து சரக்கு எடுக்கும் வேலையில் பாதியை நாமே செய்யலாம். கிட்டங்கிக்குப் பையனை அனுப்பாமல் நாமே ஒருமுறை போய்வரலாம்.

• வாடிக்கையாளருடன் குடிக்கும் ஒவ்வொரு தேநீருக்கும் சர்க்கரை வேண்டுமா என்று யோசிக்கலாம்.

• முழங்கால் தேய்ந்தவர்கள் ஓட்டத்தை விட்டு, சைக்கிளோ நீச்சலோ பழகலாம்.

முன்னாள் வீரருக்கு மற்றவர்களைவிட ஒரு லாபம் உண்டு. குறித்த நேரத்தில் எழுந்து மைதானத்துக்குப் போகும் ஒழுங்கு அவருக்குப் புதிதன்று. பழைய அணித் தோழர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு காலையில் நடக்கலாம். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை ஆட்டம் சொல்லிக்கொடுக்கலாம். வெற்றி தோல்வியை விட்டுவிட்டு, நாள் தவறாமல் வருவதையே போட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். கடையை விடியற்காலையில் திறக்கத் தவறாத நாம், உடம்புக்கு என்று அரைமணி நேரத்தையும் அதே கண்டிப்போடு ஒதுக்குவோமாக!