குக்கர் விசிலுக்குத் திரும்பாத குழந்தை

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். அவர்களுடைய பையனுக்கு அப்போது இரண்டு வயது. துறுதுறுவென்று ஓடுவான், சிரிப்பான். ஆனால் ஒரு வார்த்தை வராது.

"இன்னும் 'அம்மா'ன்னுகூடச் சொல்லலையே அக்கா" என்று அவள் என்னிடம் வருத்தப்பட்டாள்.

"இவன் அப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான். எல்லாம் தானா வரும்" என்று அடக்கிவிட்டார் மாமியார்.

ஒரு நாள் காலை, குழந்தை அடுக்களை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான். குக்கர் விசில் அடித்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது, அவன் திரும்பவில்லை. சற்று நேரத்தில் எவர்சில்வர் தாம்பாளம் தரையில் விழுந்தது. சட்டென்று திரும்பினான். "பாத்தியா, காது நல்லாத்தான் கேக்குது!" என்றார் பாட்டி.

இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம். தரையின் அதிர்வும் கண்ணில் படும் நிழலும்கூடக் குழந்தையைத் திரும்ப வைக்கும். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் "ங்கா, ஊ" என்று குரல் கொடுக்கும். பிறகுதான் அது குறைந்துகொண்டே போகும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

பிறந்த குழந்தை பெரிய சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். ஆறு மாதம் வாக்கில் சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். ஒன்பது, பத்து மாதத்தில் 'பாபா', 'மாமா' என்று மழலை பேசி, பெயர் சொன்னால் பார்க்க வேண்டும். ஒரு வயதை ஒட்டி ஓரிரு வார்த்தை. இரண்டு வயதில் 'பால் வேணும்' என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வேண்டும். குழந்தைக்குக் குழந்தை சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலையோ மூளைக் காய்ச்சலோ வந்த குழந்தை, சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தை, இவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். கர்ப்ப காலத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தாலும் குழந்தையின் காது பாதிக்கப்படலாம்.

பரிசோதனைக்குப் பயம் வேண்டாம்

குழந்தை தூங்கும்போதே காதில் சிறு குமிழ் வைத்துச் சில நிமிடங்களில் செய்யும் ஓ.ஏ.ஈ. பரிசோதனை வலிக்காது. அதில் சந்தேகம் வந்தால் 'பெரா' பரிசோதனை செய்வார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் தீர்மானம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கைக்குழந்தைக்கும் காது மிஷின் பொருத்தலாம். அது பலன் தராத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி அறுவை சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசம். அதனால்தான் "தானா வரும்" என்று கழிக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

அம்மாதான் முதல் டீச்சர்

கருவி மாட்டினால் மட்டும் பேச்சு வந்துவிடாது, பயிற்சி வேண்டும். சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயாவில் குழந்தையோடு அம்மாவும் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். வீட்டிலும் இதையே செய்யலாம்.

டி.வி.யை அணைத்துவிட்டுக் குழந்தையின் முகத்துக்கு நேரே உட்காருங்கள். கீரை ஆயும்போதும் குளிப்பாட்டும்போதும் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ஒன்று சொன்னபின் அவன் பதிலுக்குக் காத்திருங்கள். குளியல் தவிர, விழித்திருக்கும் நேரமெல்லாம் மிஷின் காதில் இருக்கட்டும். அதன் பொத்தான் பாட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள். காதில் எண்ணெய் விடுவது வேண்டவே வேண்டாம். பேச்சு வராத குழந்தைக்குச் சைகை மொழியும் முழுமையான மொழிதான்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாடி வீட்டுப் பையனுக்கு இரண்டரை வயதில்தான் காது மிஷின் மாட்டினார்கள். "ஒரு வருஷத்தை வீணாக்கிட்டேனே" என்று பாட்டி கண் கலங்கினார். இப்போது பயிற்சிக்குப் பேரனை அழைத்துப்போவதே அவர்தான்.

போன வாரம் மாடிக்குப் போயிருந்தேன். குக்கர் விசில் அடித்தது. உள்ளேயிருந்து ஓடி வந்தவன் விரலை நீட்டிச் சொன்னான்: "பாட்டி, மூணு!"

அடுப்பை அணைத்தது பாட்டிதான்.